நேரம் போன இடம்

1970ஆம் ஆண்டுக் கோடையில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் சிலர் குப்பைக்கூடைகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியவை, யாரோ எழுதி, ஓட்டிப் பார்த்து, வேண்டாமென்று வீசிய ஃபோர்ட்ரான் புரோகிராம்களின் அச்சுத்தாள்கள். கார்டு ரீடர் அருகே ஓர் ஆளை நிறுத்தி, வருகிறவர்களின் துளையிட்ட கார்டுக் கட்டைப் பிரதியெடுத்துக்கொள்ள அனுமதி கேட்கவும் வைத்தார்கள். போதாததற்கு, டிஸ்க்கில் அரைகுறைக் காவலோடு கிடந்த கோப்புகளையும் துழாவினார்கள். இத்தனைக்கும் முன்னின்றவர் டொனால்டு கனூத். அப்போது அவருக்கு வயது 32. கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் இரண்டு தொகுதிகள் வெளிவந்து, துறையே அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்டவர் குப்பையைக் கிளறுவானேன்?

புரோகிராமை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரை எழுதுகிறவர்கள் அதுவரை ஒரு கற்பனைப் புரோகிராமரை மனத்தில் வைத்துத்தான் வேலை செய்தார்கள். அவர் நீண்ட சிக்கலான கணிதக் கோவைகளை எழுதுவார், லூப்புக்குள் லூப் வைப்பார் என்று எண்ணி, அவருக்காக எந்திரமொழியைச் செதுக்கினார்கள். உண்மையில் மனிதர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று யாரும் பெரிய அளவில் எண்ணிப் பார்த்ததில்லை. கனூத் பார்த்தார். ஸ்டான்ஃபோர்டுக்குப் பக்கத்திலிருந்த லாக்ஹீட் நிறுவனத்திலிருந்து மட்டும் 440 புரோகிராம்கள், 2,50,000 கார்டுகளுக்கு மேல் கிடைத்தன. எண்ணி முடித்தபோது தெரிந்தது: பெரும்பாலான வரிகள் மிகச் சாதாரணமானவை. ஒரு மாறியின் மதிப்பை இன்னொன்றில் போடுவது, மிஞ்சிப்போனால் ஒரு கூட்டல். லூப்களில் பல ஓரிரு வரிகளோடு முடிந்துவிட்டன.

ஆனால் எழுதியதை எண்ணுவது பாதிக் கதைதான். ஓடும்போது எந்த வரி எத்தனை முறை ஓடுகிறது? இதற்காக அந்தக் குழு ஃபோர்டாப் என்ற ஒரு புரோகிராமைச் செய்தது. அது இன்னொரு ஃபோர்ட்ரான் புரோகிராமை வாங்கி, அதன் உள்ளே ஆங்காங்கே எண்ணிகளைச் செருகித் திருப்பித் தரும். ஓட்டி முடித்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது ஓடிய தடவை அச்சாகியிருக்கும். டேன் இங்கால்ஸ் என்ற மாணவர் ஒரு படி மேலே போய், வரிக்கு வரி ஆகும் செலவையும் மதிப்பிட்டுப் பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்து 1971இல் ஸ்டான்ஃபோர்டு அறிக்கையாக வெளியிட்டார். (ஸ்மால்டாக் மொழியை ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இயங்க வைத்தவர் என்று பின்னால் உலகம் அறிந்த அதே இங்கால்ஸ்தான்.) அதே ஆண்டு கனூத்தின் கட்டுரையும் வந்தது. அதில் ஒரு கண்டுபிடிப்பு: பொதுவாக ஒரு புரோகிராமின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதி, அதன் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் சென்னை ஐஐடி-யின் ஐபிஎம் 370/155 எந்திரத்துக்குக் கார்டுக் கட்டு கொடுத்துவிட்டு, அச்சுத்தாள் வரக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தக் கட்டுகளைக் கையில் பிடித்தவர்களுக்கு இந்த 4 சதவீதத்தின் கனம் விளங்கும். ஒரு கட்டில் ஐந்நூறு கார்டு இருந்தால், பாதி நேரத்தைத் தின்பவை அதில் இருபது கார்டுகூட இல்லை. அவை எவை என்பதுதான் கேள்வி. நாங்கள் எல்லோரும் ஊகித்தோம். ‘இந்த லூப்தான் இழுக்கிறது’ என்று அச்சுத்தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் காட்டாத சீனியர் யாரும் கிடையாது.

கனூத்தின் கட்டுரையில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த 4 சதவீதம் அல்ல. ஃபோர்டாப்பை ஃபோர்டாப்பின் மீதே ஓட்டிப் பார்த்தார்கள் என்பதுதான். உள்ளீடு வெளியீடு போக மீதி நேரத்தில் பாதிக்கு மேல் இரண்டே லூப்களில் போய்க்கொண்டிருந்தது. அதை எழுதியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. சில சின்ன மாற்றங்கள் செய்தார்கள், வேகம் இரட்டிப்பானது. அளக்கும் கருவியைச் செய்தவன் முதலில் தன்னையே அதற்கு ஒப்புக்கொடுத்தான். ஊகத்தைவிட எண்ணிக்கை மேல் என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கை தரும் கருவியை மட்டும் கண்ணை மூடி நம்புவதில் என்ன நியாயம்? இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒவ்வொரு நல்ல அடியும், கருவியையே சந்தேகித்தவர்கள் வைத்தது என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஃபோர்டாப்புக்கு முன்னும் ஆட்கள் புரோகிராமின் ஓட்டத்தைக் கவனித்துத்தான் வந்தார்கள், காதால். மான்செஸ்டரில் 1951இல் நிறுவப்பட்ட ஃபெரான்டி மார்க் 1 எந்திரத்தில் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதைத் தட்டிவிடத் தனி ஆணையும் உண்டு. ஆலன் டூரிங் எழுதிய கையேட்டிலேயே அதன் விவரம் இருக்கிறது. லூப்புக்குள் அந்த ஆணையைப் போட்டுவிட்டால், லூப் சுற்றும் வேகத்துக்கேற்ற சுருதியில் எந்திரம் கூவும். ஓட்டத்தின் நிலையை அறையின் மறு கோடியில் இருந்தே கேட்கலாம். அதில் பாட்டு வாசித்தவர்களும் உண்டு. ஆனால் காதில் விழுவதைத் தாளில் எழுதி அடுத்தவரிடம் காட்ட முடியாது.

ஃபோர்டாப்பைப் போல எண்ணி வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணியும் தானே நேரம் எடுக்கும். சின்ன ஃபங்ஷனுக்குள் எண்ணி வைத்தால் அந்த ஃபங்ஷனைவிட எண்ணியே கனமாகிவிடும். இதற்கு மாற்றாக வந்தது சாம்பிள் எடுக்கும் முறை. தெருமுனை டீக்கடையில் யார் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிய, வாசலில் ஆள் போட்டு வருகை, புறப்பாடு எழுத வேண்டியதில்லை. நாள் முழுக்க அவ்வப்போது எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் இருப்பவரின் பெயரைக் குறித்தால் போதும். அதிக முறை கண்ணில் பட்டவர் அதிக நேரம் இருந்தவர். 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே இதற்கான வசதி இருந்தது. அமெரிக்க மின்சாரத்தின் அலைவெண்ணை ஒட்டி நொடிக்கு 60 முறை கடிகாரம் தட்டும். தட்டும்போதெல்லாம் இயக்க அமைப்பு, புரோகிராம் அப்போது எந்த முகவரியில் நிற்கிறது என்று ஒரு பட்டியலில் கோடு போட்டு வைக்கும். முடிந்ததும் ‘ப்ராஃப்’ என்ற கட்டளை அந்தக் கோடுகளைக் கூட்டி, ஃபங்ஷன் வாரியாகச் சதவீதம் தரும்.

இந்தப் பட்டியல் கொஞ்ச காலத்துக்கு நன்றாகவே உதவியது. பிறகு புரோகிராம் எழுதும் முறை மாறியது. ஒரே நீள ஃபங்ஷனாக எழுதாதே, சின்னச் சின்னதாகப் பிரி என்று எழுபதுகள் முழுக்கப் பாடம் சொன்னார்கள். சொன்னபடி பிரித்தார்கள். விளைவு, நேரமும் சிதறிப்போனது. பட்டியலின் தலையில் எப்போதும் எழுத்துச் சரம் ஒப்பிடும் ஃபங்ஷனோ, நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனோ நிற்கும். அதைப் பார்த்து யார் என்ன செய்ய முடியும்? அதை அழைத்தது யார், யாருக்காக அந்த வேலை நடந்தது என்று பட்டியல் சொல்லாது.

பெர்க்லியில் சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்யூசிக் மூவருக்கும் இதே தலைவலி. கம்பைலருக்கான கோட் ஜெனரேட்டர் ஒன்றை ஒழுங்காகப் பிரித்து எழுதியிருந்தார்கள். அதை வேகப்படுத்தப் போனபோது ப்ராஃப் கைவிட்டது. அவர்கள் செய்ததுதான் ஜிப்ராஃப். 1982இல் கம்பைலர் மாநாட்டில் கட்டுரையாக வந்தது, அடுத்த ஆண்டு 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு உலகெங்கும் போனது.

அதன் வேலைமுறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. கம்பைல் செய்யும்போதே ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் ஒரு சின்ன அழைப்பு செருகப்படும். அது, எந்த இடத்திலிருந்து அழைப்பு வந்தது, யாருக்கு வந்தது என்ற ஜோடியைக் குறித்து, ஜோடிக்கு ஒரு எண்ணிக்கையை ஏற்றும். நேரத்தை அது அளக்காது. நேரத்துக்குப் பழைய கடிகாரச் சாம்பிளே போதும். ஓட்டம் முடிந்தபின் இரண்டையும் சேர்ப்பார்கள். அடிமட்ட ஃபங்ஷனின் நேரத்தை எடுத்து, அதை அழைத்தவர்களுக்கு அழைப்பு எண்ணிக்கையின் விகிதத்தில் பங்கிடுவார்கள். அவர்களுடைய நேரம் அவர்களை அழைத்தவர்களுக்குப் போகும். இப்படியே ஏறி ஏறி, உச்சியிலிருக்கும் முதல் ஃபங்ஷன்வரை. அ, ஆ-வை அழைத்து, ஆ மறுபடி அ-வை அழைக்கும் சுழல் வந்தால் ஏற்றம் முடிவில்லாமல் சுற்றும். அதனால் சுழலில் உள்ளவர்களை எல்லாம் ஒரே குடும்பமாகக் கட்டி ஒருவராகக் கணக்கில் எடுத்தார்கள். இவ்வளவுக்கும் ஓட்டத்தில் கூடும் சுமை 5 முதல் 30 சதவீதம் என்று அளந்து சொன்னார்கள். சொந்தக் கருவியையும் விடவில்லை. ஜிப்ராஃபை ஜிப்ராஃப் மேல் ஓட்டி, இனித் தரவுக் கோப்பைப் படிக்கும் நேரம்தான் பெரிது என்ற நிலை வரும்வரை திருத்தினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, சென்னையில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் உதிரிபாகக் கிடங்கின் இருப்புக் கணக்கு யூனிக்ஸ் எந்திரத்தில் ஓடியது. மாதக் கடைசி அறிக்கை ராத்திரி முழுக்க எடுக்கும். ப்ராஃப் ஓட்டினால் எங்கள் ஒப்பீட்டு ஃபங்ஷன் முதலிடத்தில் நின்றது. ‘சார்ட்டிங் அல்லவா, ஒப்பிடாமல் எப்படி?’ என்று எல்லோரும் சமாதானம் ஆகி, வேகமான சார்ட்டிங் முறை எழுதவும் ஒருவரை உட்கார்த்திவிட்டார்கள். ஜிப்ராஃப் கைக்கு வந்ததும் அதே ஃபங்ஷனின் பத்தியில் அழைத்தவர்கள் பட்டியலைப் பார்த்தோம். சார்ட்டிங்கிலிருந்து வந்த அழைப்புகள் சொற்பம். மற்றதெல்லாம், ஒவ்வொரு வரி அச்சாகும்போதும் டஜனா, கிலோவா, மீட்டரா என்று அலகின் பெயரைப் பட்டியலில் மேலிருந்து கீழாகத் தேடிய ஒரு சில்லறை ஃபங்ஷனிலிருந்து. யாரும் அதன் பெயரைக்கூட அதுவரை உச்சரித்ததில்லை. அலகுக்கு ஓர் எண் கொடுத்து நேராக எடுக்கும்படி மாற்றியதும் அறிக்கை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது.

இதைவிடப் பெரிய கதை பெர்க்லியிலேயே நடந்தது. 4.2 பிஎஸ்டி வெளிவந்தபின் மெக்யூசிக் இயக்க அமைப்பின் கருவுக்குள்ளேயே ஜிப்ராஃபைப் பொருத்தி, ஓடிக்கொண்டிருக்கும்போதே புரொஃபைல் எனப்படும் இந்த அளவெடுப்பை முடுக்கவும் நிறுத்தவும் வழிசெய்தார். கருவின் நேரத்தை அதிகம் தின்றது ‘நேமை’ என்ற ஒற்றை ஃபங்ஷன். ஒரு கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், அதன் ஒவ்வொரு அடைவாக இறங்கி, பெயர்களை வரிசையாக ஒப்பிட்டு, கோப்பைக் கண்டுபிடித்துத் தருவது அதன் வேலை. கோப்பைத் திறந்தாலும் விவரம் கேட்டாலும் அழித்தாலும் அது ஓடியே ஆகவேண்டும். அடிக்கடி கேட்கப்படும் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அதன்பின் செய்தார்கள், 1986இல் வந்த 4.3 பிஎஸ்டி-யில் அது இருந்தது. இன்றைய லினக்ஸிலும் அதே எண்ணத்தின் வாரிசு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜிப்ராஃபில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு ஃபங்ஷனின் எல்லா அழைப்பும் சராசரியாக ஒரே நேரம் எடுக்கும் என்று அது வைத்துக்கொள்கிறது. பத்து வரிப் பட்டியலைத் தேடச் சொன்னவருக்கும் பத்தாயிரம் வரிப் பட்டியலைத் தேடச் சொன்னவருக்கும் ஒரே கட்டணம். எங்கள் கிடங்குக் கணக்கில் எண்ணிக்கையே விடையைச் சொல்லிவிட்டதால் தப்பித்தோம். எல்லா இடத்திலும் அப்படித் தப்ப முடியாது. ஜிப்ராஃபின் நேரப் பங்கீட்டைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு சண்டை போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை எண்ணியது, நேரம் பங்கிட்டது. இந்த வித்தியாசம் தெரியாமல் அந்தக் கருவியைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொண்ணூறுகளில் எந்திரங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. புராசஸர் ஒரே நேரத்தில் பல ஆணைகளைக் கையில் வைத்துக்கொண்டு, நினைவகத்திலிருந்து தரவு வராமல் காத்துக் கிடந்தது. ‘இந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது’ என்றால் போதாது, ஏன் போகிறது என்று தெரிய வேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1997இல், சுழற்சிகளெல்லாம் எங்கே போயின என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை தந்தார்கள். ஆல்ஃபா புராசஸருக்குள் இருந்த எண்ணிகளை வைத்து, 333 மெகாஹெர்ட்ஸ் எந்திரத்தில் நொடிக்குச் சுமார் 5,200 சாம்பிள். சுமை 1 முதல் 3 சதவீதம்தான். அதனால் எப்போதும் ஓட விட்டுவிடலாம், இயக்க அமைப்பு உட்பட எல்லாமே பதிவாகும். சாம்பிள் எடுக்கும் இடைவெளியைச் சீராக வைக்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டார்கள். கடிகாரமும் புரோகிராமின் லூப்பும் ஒரே தாளத்தில் விழுந்துவிட்டால், எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே முகம்தான் தெரியும். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் உண்டு. பின்னால் கூகுளுக்குப் போய்ப் பெயர்பெற்றவர்கள். 2010இல் கூகுள் தன் கணினிக் கூடங்கள் முழுதும் இதே வழியில் புரொஃபைல் எடுப்பதை விவரித்தது.

அடுத்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2002இல் ஜூலியன் செவார்டின் வால்கிரைண்ட் என்ற கருவி வந்தது. அதன் மேல் நிக்கலஸ் நெதர்கோட் செய்த கேஷ்கிரைண்ட், நினைவக அடுக்குகளையே பாவனை செய்து எண்ணியது. சன் நிறுவனத்தின் டிட்ரேஸ், ஓடும் உற்பத்திச் சர்வரில் கைவைத்தாலும் விழாது என்ற உறுதியோடு 2005இல் சோலாரிஸ் 10இல் வெளிவந்தது. 2009இல் லினக்ஸ் கருவிலேயே பெர்ஃப் என்ற கருவி சேர்ந்தது. 2011இல் பிரெண்டன் கிரெக், மைஎஸ்க்யூஎல் பிரச்சினை ஒன்றைத் துரத்தும்போது, ஆயிரக்கணக்கான சாம்பிள்களை ஒரே படமாக அடுக்கும் ஃப்ளேம் கிராஃபை உருவாக்கினார். அதில் ஒரு பட்டையின் அகலம்தான் செய்தி. இடமிருந்து வலமாகக் காலம் ஓடுவதில்லை, பெயர்கள் அகரவரிசையில் நிற்கின்றன. அதைக் காலவரிசை என்று வாசித்துக் கதை சொல்லும் இளைஞர்களை இன்றும் கூட்டங்களில் பார்க்கிறேன்.

கருவியைச் சந்தேகித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் டாட் மிட்கோவிச்சும் அவருடன் எழுதியவர்களும். 2009இல் அவர்கள் காட்டியது எல்லோரையும் உலுக்கியது. ஒரே புரோகிராம், ஒரே எந்திரம், ஒரே தரவு. மாற்றியது யூனிக்ஸ் சூழல் மாறிகளின் மொத்த நீளத்தை மட்டும். பயனர் பெயர் சற்று நீளமாக இருந்தாலே இது மாறும். அதனால் ஸ்டாக் தொடங்கும் இடம் நகர்கிறது, தரவு வேறு எல்லையில் விழுகிறது, வேகம் மாறுகிறது. கம்பைலரின் வேகப்படுத்தும் நிலைகளில் ஒன்று இன்னொன்றைவிட மேல் என்ற முடிவே தலைகீழாகும் அளவுக்கு அது போகலாம். மறு ஆண்டு ஜாவாவுக்குப் போனார்கள். எல்லோரும் பயன்படுத்தும் நான்கு புரொஃபைலர்களை ஒரே புரோகிராம்களின் மேல் ஓட்டினார்கள். அதிக நேரம் தின்னும் மெத்தட் எது என்பதில் அவற்றுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. காரணம், ஜாவா எந்திரம் நின்று பேசத் தோதான சில இடங்களில் மட்டுமே அவை சாம்பிள் எடுத்தன. அந்த இடங்களை எங்கே வைப்பது என்று கம்பைலர் தன் வசதிக்கு முடிவு செய்தது. யார் சரி என்று அறிய அவர்கள் கண்ட வழி, ஒரு மெத்தடுக்குள் வேண்டுமென்றே வெட்டிக் கணக்கைப் புகுத்தி மெதுவாக்குவது. புரொஃபைலர் உண்மையைச் சொல்கிறதென்றால் அதன் எண்ணும் அதற்கேற்ப ஏற வேண்டும். பல ஏறவில்லை.

மெதுவாக்கிப் பார்த்து உண்மையைக் கேட்கும் இந்த உத்தி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் செய்த காஸ் என்ற கருவியில் வேறொரு உருவம் எடுத்தது. 2015இல் அவர்கள் கேட்ட கேள்வி, இந்த வரியை வேகப்படுத்தினால் மொத்தத்தில் என்ன கிடைக்கும் என்பது. பல திரெட்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் புரோகிராமில், அதிக நேரம் தின்னும் வரியை வேகப்படுத்தியும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஒரு வரியை உண்மையில் வேகப்படுத்தாமல், வேகப்படுத்தியது போன்ற விளைவை எப்படி உண்டாக்குவது? அந்த வரி ஓடும்போதெல்லாம் மற்ற திரெட்களைச் சற்று நிறுத்திவைத்தார்கள். மற்றவர் பின்தங்கினால் இவர் முந்தினார் என்றுதானே பொருள். நிறுத்திய நேரத்தைக் கடைசியில் கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். கருவி சொன்ன ஆரூடத்தை அவர்களே சோதித்தார்கள். படங்களைத் தேடும் ஃபெரெட் என்ற புரோகிராமில் சுமார் 21 சதவீதம் கிடைக்கும் என்றது காஸ், திருத்தி ஓட்டியபோது கிடைத்ததும் ஏறத்தாழ அதுவே.

எஸ்க்யூலைட் தரவுதளத்தில் அதே கருவி மூன்று குட்டி ஃபங்ஷன்களைச் சுட்டியது. ஏறக்குறைய எந்த வேலையும் செய்யாதவை. ஆனால் அவற்றை நேரடியாக அழைக்காமல், ஒருபோதும் மாறாத ஓர் அமைப்புப் பட்டியலில் முகவரியைப் பார்த்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நடக்கும் வேலையைவிட அழைப்பின் செலவே பெரிதாக இருந்தது. சில வரிகளில் அதை நேரடி அழைப்பாக்கியதும் தரவுதளம் 25 சதவீதம் வேகமானது. வழக்கமான புரொஃபைலரின் பட்டியலில் அந்த மூன்றுக்கும் சேர்த்து எழுதியிருந்த பங்கு 0.15 சதவீதம்.